கழித்தல் இல்லாத கணக்கு



நள்ளிரவில் பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல். லயத்திலிருந்து மருத்துவமனைக்கு நேர்ச்சாலை 9 கிலோமீட்டர். ஆலைவரை 2, அங்கிருந்து 5. கோயில்வரை 4, அங்கிருந்து 4. ஆக 9, 7, 8. சிறியது 7, ஆலை வழியே புறப்படுகிறீர்கள்.

நீங்கள் மனத்தில் போட்ட இக்கணக்கு ஓர் அணிப் பெருக்கல்தான். இந்நான்கு இடங்களுக்கும் இடையேயுள்ள தொலைவுகளை நிரையும் நிரலுமாக எழுதிய கட்டமே அணி. பள்ளியில் நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டுவோம். இங்கே பெருக்கலுக்குப் பதில் கூட்டல். கூட்டலுக்குப் பதில் சிறியதைத் தேர்தல். சாலையில்லா இடத்தில் முடிவிலி. ஓரிடத்திலிருந்து அவ்விடத்துக்கே 0.

அணியை அதே அணியால் பெருக்கினால், இரண்டு சாலைகளுக்குள் அடங்கும் குறுகிய வழிகள் அனைத்தும் வந்துவிடும். மேலும் ஒருமுறை பெருக்கினால் மூன்று சாலைகள். நான்கு இடங்களுக்கு அதுவே போதும். அப்புறம் எத்தனை முறை பெருக்கினாலும் கட்டம் மாறாது.

இவ்வகை எண்ணமைப்பு அரைவளையம் எனப்படும். பிரேசில் நாட்டு அறிஞர் இம்ரே சைமனைச் சிறப்பித்து, இதற்கு 'வெப்பமண்டல'க் கணிதம் என்றும் பெயர். நம் செம்பனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

வளையம் என்றால் கழிக்கலாம். அரைவளையத்தில் அந்த உறுதி இல்லை. 7 என்ற விடையிலிருந்து, தோற்றுப்போன 8ஐ மீட்க இயலாது. மழையில் ஆலைச்சாலை மூழ்கிவிட்டால்? விடையை மட்டும் எழுதிவைத்தவர் திகைத்து நிற்பார். மூலக் கட்டத்தைப் பத்திரப்படுத்தியவரோ அந்த 2ஐ அடித்து முடிவிலி என்றெழுதி, மீண்டும் பெருக்கிப் பார்த்து, கோயில் வழியே வண்டியைத் திருப்புவார்.