ஜெர்சி மாறினாலும் சம்பளம் வருமா?

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். இம்முறை பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எழுதிய பெற்றோர் பலருக்கும் ஒரே குழப்பம். கூடைப்பந்தில் மாநில அணிவரை போன பிள்ளையை வங்கி வேலைக்கு எழுதிப் போடச் சொல்வதா, தொழில்முறை லீக் ஒப்பந்தத்துக்குக் காத்திருக்கச் சொல்வதா? தென் கொரியாவில் பெரிய கம்பெனிகளே அணி நடத்துகின்றனவே, இங்கேயும் அப்படித்தானே என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

அப்படி இல்லை. வித்தியாசம் புரிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். அணியை நடத்துபவர் கைவிட்டால் ஆட்டக்காரரின் சம்பளம் என்ன ஆகும்?

கொரியாவில் நடந்ததை முதலில் பார்ப்போம். கோயாங் நகரத்து அணியை 2022இல் டே ஒன் என்ற நிறுவனம் வாங்கியது. அதன் பின்னணியில் இருந்தது ஒரு கட்டுமான நிறுவனம். லீக்கில் சேர 150 கோடி வோன் கட்ட வேண்டும். முதல் தவணையிலேயே தாமதம். 2023 தொடக்கத்தில் அந்தக் கட்டுமான நிறுவனம் நீதிமன்றத்தின் மறுசீரமைப்பு நடவடிக்கைக்குள் போனது. ஜெர்சியில் தன் பெயரைப் போட்டிருந்த கேரட் காப்பீட்டு நிறுவனம் பாதியில் விலகியது. ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. அந்த நிலையிலும் அவர்கள் அரையிறுதிவரை ஆடினார்கள். 2023 ஜூன் 16 அன்று கேபிஎல் என்னும் கொரிய லீக் அந்த அணியை நீக்கியது. 1997இல் தொடங்கிய லீக்கின் வரலாற்றில் அப்படி ஓர் அணி நீக்கப்பட்டது அதுவே முதல் முறை. சோனோ என்ற விடுதி நிறுவனம் முன்வந்து புது அணி தொடங்கி அந்த ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டதால் அவர்கள் பிழைத்தார்கள். சோனோ வந்திராவிட்டால் பாதி பேருக்கு மேல் வீட்டில்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது பெங்களூருக்கு வருவோம். விஜயா வங்கியின் கூடைப்பந்து அணியைத் தெரியாத ரசிகர் இங்கே குறைவு. பெரியகுளம் போட்டியிலும் கோவை நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையிலும் தமிழ்நாட்டு ரசிகர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள். 1931இல் மங்களூரில் தொடங்கி, 1980இல் அரசுடைமையாகி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அந்த வங்கி 2019 ஏப்ரல் 1 அன்று பாங்க் ஆஃப் பரோடாவில் கரைந்தது. அதாவது, அணியின் முதலாளியே இல்லாமல் போனார். ஆனாலும் அந்த மாதச் சம்பளம் வந்தது. இணைப்புத் திட்டத்திலேயே எல்லா ஊழியர்களும் தங்கள் ஊதியமும் பணி நிபந்தனைகளும் குறையாமல் புதிய வங்கிக்கு மாறுவார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆட்டக்காரர்களும் அந்த ஊழியர் பட்டியலில் இருந்தவர்கள்தான். ஜெர்சியில் பெயர் மாறியது, வேலை மாறவில்லை.

நம் ஊர் ஏற்பாட்டின் சாரம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டக்காரர் அணியின் ஆள் அல்ல, நிறுவனத்தின் ஊழியர். முழங்கால் போனாலும் ஃபார்ம் போனாலும் 60 வயதுவரை மேசை இருக்கும். ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை மூடப்பட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்த பீன்யாக்காரர்களுக்கு இதன் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

கொரியாவிலும் ஒரு காலத்தில் இதுதான் வழக்கம். இன்று வோன்ஜு நகரில் டிபி என்ற பெயரில் ஆடும் அணியின் வேர், ஒரு கொரிய வங்கி நடத்திய அணியில் இருக்கிறது. லீக் வந்தபோது அதை நாரே என்ற நிறுவனம் வாங்கியது. பிறகு டிஜி, டோங்பு, டிபி என்று பெயர் மாறிக்கொண்டே போனது. வருமானம் பெருகியது, கூட்டம் வந்தது. கூடவே வங்கி வேலை என்னும் கூரை போனது. அதற்கு ஈடாக லீக் ஒப்பந்தமும் உரிமை விதிகளும் வந்தன. அந்த விதிகள் எவ்வளவு தாங்கும் என்பதைக் கோயாங் காட்டிவிட்டது.

நம் நாட்டில் ‘தொழில்முறை லீக்’ என்று விளம்பரப்படுத்தப்பட்டவற்றின் ஆயுளையும் பாருங்கள். பெங்களூரு பீஸ்ட் ஆடிய யுபிஏ லீக் 2015இல் தொடங்கி 2017உடன் நின்றது. பெங்களூரு கிங்ஸ் ஆடிய ஐஎன்பிஎல், கூடைப்பந்துக் கூட்டமைப்பின் ஆதரவுடன் 2022இல் வந்தது. எதிலுமே ஆண்டு முழுவதற்கும் சம்பளம், காயத்துக்குப் பிறகும் பாதுகாப்பு என்ற வாக்குறுதி எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அது சில வாரப் போட்டிக்கான கட்டணம், அவ்வளவே.

அதற்காக ஒதுக்கீட்டைக் கொண்டாடவும் மாட்டேன். மத்திய அரசு விதி சொல்வது, நேரடி நியமனத்தில் 5 சதவீதம் ‘வரை’. அந்த ‘வரை’க்குள் பூஜ்யமும் அடங்கும். எந்தத் துறையும் கட்டாயம் ஆள் எடுத்தாக வேண்டும் என்றில்லை. சில ஆண்டுகள் நியமனத்தை நிறுத்தினால் போதும், அறிவிப்பே இல்லாமல் ஓர் அணி முதுமையில் கரைந்துவிடும். அணியை ஒழித்தவர் யார் என்று யாரும் பதில் சொல்ல வேண்டியிராது. எனக்கு இது பெரிய கவலை.

இன்னொரு சிக்கல் சான்றிதழ். நாட்டுக்கோ மாநிலத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ மாநிலப் பள்ளி அணிக்கோ ஆடியதைத்தான் விதி கணக்கில் எடுக்கும். லீக் அணி இந்த நான்கில் எதிலும் சேராது. சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 3, பள்ளிப் போட்டிக்கு 4. பதக்கத்தின் படமோ நாளிதழ்ச் செய்தியோ இவற்றுக்கு மாற்று ஆகாது. வங்கிகளும் ரயில்வேயும் தத்தம் விதிகளில் இதைவிடக் கடுமையாகவும் கேட்கலாம். அறிவிப்பை முழுக்கப் படியுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

மகளுக்கும் இதே விதியா? ஆம்.

வயது வரம்பு? மத்திய அரசுப் பணிகளில் 5 ஆண்டுத் தளர்வு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 10.

படிப்புக்கு விலக்கு உண்டா? இல்லை.

வேலையில் சேர்ந்த பின் லீக்கில் ஆடலாமா? நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்காமல் ஆடாதீர்கள்.

கொரியாவுக்குப் போய் ஆட வாய்ப்பு? ஆசிய வீரர்களுக்கான இடத்தை கேபிஎல் 2020இல் ஜப்பானுக்கும் 2022இல் பிலிப்பைன்ஸுக்கும் திறந்தது. அந்த இரண்டு அறிவிப்பிலும் இந்தியா இல்லை.

ஆகவே, விண்ணப்பியுங்கள். லீக் அழைப்பு பிறகு வந்தால் அப்போது அனுமதி கேட்டுக்கொள்ளலாம். படிவம் 2இல் மாநிலச் சங்கச் செயலாளரின் கையெழுத்து இன்னும் வாங்காதவர்கள், விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும் முன் அதை வாங்கிவிடுங்கள்.