வீடு வாங்குமுன் குறையைப் பேசுங்கள்

கணவர் வெளிநாட்டில் உழைத்த காசும் நீங்கள் விற்ற நகையும் சேர்ந்துதான் ஒரு வீடாகிறது. குண்டசாலைப் பக்கம் அப்படியொரு வீட்டுக்கு விலை பேசிவிட்டீர்கள். கூட்டிச் சென்ற மேசன் பாஸ் கூரையில் ஒழுக்கையும் பின்சுவரில் வெடிப்பையும் காட்டுகிறார். பேசிய விலையைக் குறைத்துக் கேட்பது வெட்கமா?

இல்லை. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டியது. நனைந்ததை மறைத்து விற்ற வியாபாரியைக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான சம்பவம் இது. பெயின்ட் பூசி மறைத்த வெடிப்பும் அந்த ஈரத் தானியம்தான்.

முதலில் வெடிப்பின் காரணத்தை அறியுங்கள். 2020 ஆகஸ்டில் திகனப் பக்கம் நில அதிர்வு உணரப்பட்டது. வெடிப்பு மேல்பூச்சிலா, அத்திவாரத்திலா என்று பாருங்கள். சரிவான காணியானால், மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரியுங்கள்.

பின்பு சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று திருத்தச் செலவை எழுதி வாங்கி, விற்பவரிடம் காட்டி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். "நானே திருத்தித் தருகிறேன்" என்று அவர் சொன்னால், வேலை முடிந்ததை மேசன் பாஸ் பார்த்த பின்பே கையொப்பமிடுங்கள். வாய் வாக்குறுதியை நம்பாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனையும் அதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும்.

வாங்கிய பின் பழைய மறைகுறை தெரியவந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஷரீஅத் தருகிறது. ஆனால் ஷாபிஈ மத்ஹபில் அது உடனடி உரிமை. குறை தெரிந்தும் காரணமின்றித் தாமதித்தால் அது கைநழுவிவிடும்.

இன்னொன்று. விற்பவர் குறையை மறைப்பது எப்படிப் பாவமோ, வாங்குபவர் மயிர்க்கீறலை மலையாக்கி விலையை அடிப்பதும் அப்படியே. பத்தாயிரத்தில் முடியும் வேலைக்கு ஐம்பதாயிரம் கழிக்கச் சொல்லாதீர்கள். இருவரும் உண்மை பேசி முடித்த வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் வளரப்போவது அந்தக் கூரையின் கீழ் அல்லவா?