உங்களுக்குத் தெரியுமா? முடிவை மாற்றியவர் அகதா கிறிஸ்டியேதான்!

‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலில் (1939) தீவுக்கு வந்த பத்துப் பேரில் ஒருவர்கூட மிஞ்சுவதில்லை. ரெனே கிளேரின் 1945 படத்திலோ ஒரு ஜோடி தப்பிவிடுகிறது. சினிமாக்காரர்கள் கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று திட்டிவிடாதீர்கள். அந்த முடிவு கிறிஸ்டி எழுதியதே. 1943-இல் லண்டனில் அரங்கேறிய நாடகத்துக்காக, நடந்ததைச் சொல்ல மேடையில் ஆள் வேண்டுமே என்று, இருவரை நிரபராதிகளாக்கிக் காப்பாற்றினார். கொலைகளுக்கு வரிசை வகுக்கும் குழந்தைப் பாட்டுக்கே இரண்டு முடிவுகள் உண்டு: ஒன்றில் கடைசி ஆள் தூக்கில் தொங்குகிறான், மற்றதில் கல்யாணம் செய்துகொள்கிறான். நாவலுக்கு முதலாவது, நாடகத்துக்கு இரண்டாவது.

அப்படியானால் மூல முடிவு நடிக்கவே ஒத்துவராதது என்றுதானே பொருள் எனக் கேட்கலாம். மேடைக்குச் சரி, சினிமாவுக்கு அந்த வாதம் நிற்காது. கதையை 1965-இல் பனிமலைக்கும் 1974-இல் ஈரான் பாலைவனத்துக்கும் தூக்கிப்போன படங்கள், முடிவுக்கு மட்டும் நாடகத்தையே நம்பின (துணிச்சல் லொக்கேஷனோடு சரி!). ஆனால் 1987-இல் சோவியத் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ் கோவருகின், ஒருவரையும் தப்பவிடாமல் நாவலின் முடிவையே படமாக்கினார். 2015-இல் பிபிசியின் குறுந்தொடரிலும் பத்துப் பேரும் சாகிறார்கள்.