ஏலமலைச் சரிவில் எந்தக் கேபிள்?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனை கம்ப்யூட்டருக்கு மாறியது 2007இல். ஸ்பைசஸ் போர்டு அப்போது மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. (காய்க்கும் விற்பனைக்கும் ‘ஏலம்’ என்ற ஒரே சொல் அமைந்தது தமிழில் ஒரு வேடிக்கை!) இன்று தோட்டத்து வீடுகளிலும் கம்ப்யூட்டர், டிவி, கேமரா எல்லாம் வந்துவிட்டன. கம்ப்யூட்டர் வாங்க நாலு கடை ஏறி இறங்குபவர்கள், கேபிள் என்று வரும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்துவிடுகிறார்கள். மலையில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. மூடுபனியும் இடியும் உண்டு. அங்கே தவறான கேபிள் உங்கள் கம்ப்யூட்டரையே பலி வாங்கலாம்.

மானிட்டர் கேபிளில் அதிகம் குழம்ப வேண்டாம். 15 பின் கொண்ட பழைய விஜிஏ படத்தை மட்டுமே கொண்டு செல்லும். 19 பின் கொண்ட எச்டிஎம்ஐ படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டு செல்லும். மேசை மேல் இருக்கும் மானிட்டருக்கு ஒன்றரை மீட்டர் கேபிள் போதும். விலை கூடிய கேபிளில் படம் கூடுதலாகப் பளிச்சிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். 4கே டிவி என்றால் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நீளம் 5 மீட்டரைத் தாண்டினால் 4கே படம் விட்டுவிட்டு வரக்கூடும்.

நெட்வொர்க் கேபிளில்தான் ஏமாற்று அதிகம். வீட்டுக்கு ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ வாங்கினால் போதும். விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் 100 மீட்டர் வரை தகவல் செல்லும். ஆனால் மலிவான சுருள்கள் பலவற்றில் இருப்பது செம்பு அல்ல, செம்பு பூசிய அலுமினியம். உள்ளிருக்கும் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதற்கு மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு; வளைத்தால் எளிதில் ஒடியும். அதே கேபிள் வழியாக மின்சாரமும் பெறும் கேமராவுக்கு அது ஆகவே ஆகாது. பெட்டியின் மேல் ‘சிசிஏ’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளியே இழுப்பதற்குக் கறுப்பு பாலிஎதிலீன் உறை கொண்ட கேபிளைக் கேளுங்கள். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற பிவிசி உறை வெயிலில் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கும். டிஷ் ஆன்டெனாவின் ஆர்ஜி-6 கேபிளிலும் இதே தொல்லைதான். கனெக்டர் வழியே புகும் ஈரம் உள்ளிருக்கும் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து களிம்பு ஏற்றும். சுவரில் நுழையும் இடத்துக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இனி முக்கியமான விஷயம். வீட்டிலிருந்து காய் உலர்த்தும் ஸ்டோருக்கு இன்டர்நெட் கொண்டுபோக விரும்புகிறீர்களா? 100 மீட்டருக்குள்தானே இருக்கிறது என்று செம்புக் கேபிளை மரத்துக்கு மரம் இழுத்துவிடாதீர்கள். அருகில் எங்காவது இடி விழுந்தாலே அந்த நீளக் கம்பியில் மின்னழுத்தம் பாயும். இரண்டு முனையிலும் உள்ள ரூட்டர், கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். இரண்டு கட்டடங்களுக்கும் எர்த் தனித்தனி என்பதால் ஆபத்து இன்னும் கூடும்.

இங்கே போட வேண்டியது ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, 100 மீட்டர் வரம்பும் கிடையாது. இரு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர் வேண்டும், அவ்வளவுதான். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பல ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி இருக்கும். உலோகமே இல்லாத ரகம்தான் உங்களுக்குத் தேவை. கரண்ட் லைன் வழியாகவும் இடி வரும் என்பதால், வானம் உறுமத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஃபைபரின் முனையில் வெளிச்சம் வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.