கணக்கை வெளியே எடுக்க எது சரியான வழி?

திருப்பூர் பனியன் கம்பெனி, சிவகாசி அச்சகம், கோவை பம்ப் தொழிற்சாலை என்று எங்கே போனாலும் வேலைக்கு ஆள் தேடும் நோட்டீஸில் ‘டேலி தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வரி இருக்கும். 1986-ல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவருடைய மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய பெங்களூரு நிறுவனத்தின் மென்பொருள், நம் ஊர் வியாபாரிக்குக் கணக்குப் புத்தகமாகவே ஆகிவிட்டது. வவுச்சர் போடத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். போட்ட கணக்கைப் பழுதில்லாமல் வெளியே எடுக்கத் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வெளியே எடுக்கும் தேவையோ மாதத்துக்கு மாதம் கூடுகிறது. சிசி லிமிட் கொடுத்த வங்கி ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கேட்கிறது. ஜிஎஸ்டி பார்ப்பவர், 14-ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களிலிருந்து வரும் உள்ளீட்டு வரி அறிக்கை) வந்ததும் கொள்முதல் பட்டியலை அனுப்பச் சொல்கிறார். முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் பாக்கிப் பட்டியல் வேண்டும். ஆடிட்டர் ஆபீஸுக்கு முழு ஆண்டும் வேண்டும். இத்தனைக்கும் பெரும்பாலான கடைகளில் ஒரே பதில்தான்: ஆல்ட்டையும் ‘இ’ விசையையும் தட்டி, எக்செலாக மாற்றி அனுப்பிவிடுவது. கேட்பவர் யார், அந்தக் கோப்பை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று யாரும் யோசிப்பதில்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்தக் கேள்விதான்.

எக்செல் கண்ணால் பார்ப்பதற்கு நல்லது. கூட்டிக் கழிக்கப் போகிறீர்கள் என்றால் எச்சரிக்கை வேண்டும். டேலியிலிருந்து வரும் சில அறிக்கைகளில் தொகைக்குப் பக்கத்தில் டிஆர், சிஆர் என்று பற்றும் வரவும் அழகாகத் தெரியும். அந்தக் கட்டத்தைச் சொடுக்கி மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே வெறும் எண் மட்டுமே இருக்கும். டிஆர், சிஆர் என்பவை எண்ணுக்குப் போட்ட அலங்காரம். எண்ணின் பகுதி அல்ல. இதனால் நடப்பதைப் பாருங்கள். ஒரு பார்ட்டி நமக்கு 2,40,000 ரூபாய் தர வேண்டும். இன்னொரு பார்ட்டி 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். நிகர பாக்கி 1,80,000. எக்செலில் இரண்டையும் தேர்ந்தெடுத்துக் கூட்டினால் 3,00,000 என்று வரும். முன்பணமும் பாக்கியாகச் சேர்ந்துவிடும். வங்கிக்குப் போகும் பட்டியலில் இப்படி ஒரு மொத்தம் ஏறினால், அது தெரியாமல் செய்த பிழை என்று யார் நம்புவார்கள்? பற்றும் வரவும் தனித்தனிப் பத்தியாக வரும் அறிக்கையை எடுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்தக் கோப்பில் கூட்டல் போடாதீர்கள்.

இரட்டைச் சொடுக்கின் விலை

சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அலங்காரம் கிடையாது, நிறம் கிடையாது, எந்த மென்பொருளும் படிக்கும். என் மதிப்பில் இதுதான் எளிய வழிகளில் நேர்மையானது. கோப்பில் தவறு இருப்பதில்லை. அதை இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறக்கும் பழக்கத்தில்தான் தவறு. திறந்த நொடியில் எக்செல் தானாக ஊகிக்கத் தொடங்கிவிடும். ‘0047’ என்ற பில் எண் 47 ஆகும். ‘5-12’ என்ற பில் எண் டிசம்பர் 5 ஆகும். எண்களை 15 இலக்கம் வரைதான் எக்செல் துல்லியமாக வைத்துக்கொள்ளும் என்பதால், 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். பார்த்துவிட்டு சேமித்து மூடினால் பழைய எண் திரும்பி வராது.

சப்ளையர் தன் ரிட்டர்னில் ‘0047’ என்று ஏற்றியிருக்கிறார். நம் பட்டியலில் 47 என்று நிற்கிறது. 2பி-யோடு ஒப்பிடும்போது இரண்டும் சேராது. உள்ளீட்டு வரி வரவில்லை என்று சப்ளையருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கும் கணக்கர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். வரி அங்கேயேதான் இருக்கும். தொலைந்தவை முன்னால் இருந்த இரண்டு பூஜ்யங்கள் மட்டும்.

தமிழில் பெயர் ஏற்றி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இரட்டைச் சொடுக்கில் திறந்தால் ‘முருகன் ஸ்டோர்ஸ்’ புரியாத குறிகளாகச் சிதறிக் கிடக்கலாம். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான். முதலில் எக்செலைத் திறந்து, ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகக் கோப்பை அழையுங்கள். எழுத்துக் குறியாக்கத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். பில் எண், கணக்கு எண், ஜிஎஸ்டி எண் உள்ள பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள். பழகிவிட்டால் ஒரு நிமிட வேலை.

கோப்பு வகையைக் கவனிக்காததால் ஒரு தேசத்தின் பொதுச் சுகாதாரத் துறையே தடுமாறியதும் உண்டு. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி கோப்புகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகைக் கோப்பில் ஏற்றியதே காரணம். அந்த வகை 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. மீதி வரிகள் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன. இன்றைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 10,48,576 வரிகள் வரை தாங்கும். ஆனாலும் பழைய வகையில் சேமிக்கும் பழக்கம் இன்னும் பல அலுவலகங்களில் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் பில்லை வரி வரியாக எடுத்தால் 65,536-ஐத் தாண்ட ஓராண்டு தேவையில்லை.

ஒவ்வொரு வவுச்சரும் பூஜ்யம்

பிடிஎஃப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட, அனுப்ப, சாட்சியாக வைக்க அது போதும். கணக்கிட அது உதவாது.

எக்ஸ்எம்எல் வேறு ரகம். திறந்து பார்த்தால் கண்ணைக் கட்டும். வரிக்கு வரி அடைப்புக்குறியும் ஆங்கிலப் பெயர்களும். டேலிக்குள் ஒரு வவுச்சர் எந்த உருவில் இருக்கிறதோ கிட்டத்தட்ட அதே உருவில் வெளியே வருவது இதில்தான். தேதி 20250401 என்று ஆண்டு முன்னால் நிற்க வரும். 3/4 என்பது ஏப்ரலா மார்ச்சா என்ற குழப்பமே எழாது. தொகைக்குக் குறி உண்டு. பற்று என்றால் கழித்தல் குறி, வரவு என்றால் குறி இல்லாமல். ஒரு லட்ச ரூபாய் விற்பனைக்கு 18 சதவீத வரி போட்ட வவுச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்டி பெயரில் -118000. விற்பனையில் 100000. மத்திய வரி 9000, மாநில வரி 9000. நான்கையும் கூட்டினால் பூஜ்யம். எத்தனை ஆயிரம் வவுச்சர் இருந்தாலும் ஒவ்வொன்றும் பூஜ்யமாக வேண்டும். பூஜ்யம் வராத வவுச்சரைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. பற்றும் வரவும் சமம் என்று கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகப் பார்த்த அதே சோதனையைக் கோப்பே நமக்குக் கொடுத்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஆண்டு முடிவில் பாதுகாத்து வைக்க நான் எக்ஸ்எம்எல்லைத்தான் சொல்வேன்.

குறையும் உண்டு. டேலியின் எக்ஸ்எம்எல்லில் ‘பொருந்தாது’ என்று வரும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறி ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. வேறு மென்பொருள்கள் அதைக் கண்டதும் கோப்பையே படிக்க மறுத்துவிடும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. அந்தக் குறியை நீக்கிவிட்டால் படித்துவிடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்தால் போதும்.

அடுத்து, கோப்பே எடுக்காமல் நேரடியாக இணைக்கும் வழிகள். டேலி ஓடிபிசி என்ற இணைப்பைத் தருகிறது. டேலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கம்பெனி திறந்திருக்க வேண்டும். எக்செல் நேராகப் போய்ப் படித்துக்கொள்ளும். இதனால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. அதுவே இதன் பாதுகாப்பு. இன்னொன்று 9000 என்ற போர்ட் வழியாக எக்ஸ்எம்எல் பேசும் வழி. சந்தையில் விற்கும் பல கனெக்டர்களும் மொபைல் ஆப்களும் இந்த வழியைத்தான் பயன்படுத்துகின்றன. இதன் வழியே வவுச்சரைப் படிக்கவும் முடியும், போடவும் முடியும். கனெக்டர் விற்க வருபவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், ‘உங்கள் டூல் படிக்க மட்டும் செய்யுமா, எழுதவும் செய்யுமா? என் கணக்கு எந்த சர்வரில் போய் நிற்கும்? நாளை சந்தாவை நிறுத்தினால் அங்கே இருப்பதை அழிப்பீர்களா?’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அவரை அனுப்பிவிடுங்கள். தினமும் புதிய எண்கள் தேவைப்படாத கடைக்கு இந்த இணைப்பு அவசியமே இல்லை. மாதம் ஒரு முறை பார்க்கும் பாக்கிப் பட்டியலுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது வீண் செலவு.

விட்டுப் போகும் நாள்

மென்பொருளை மாற்றும் நாளில்தான் கணக்கை வெளியே எடுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அந்த நாளை நாமே தேர்ந்தெடுக்க முடியும் என்ற உத்தரவாதமும் இல்லை. அமெரிக்காவின் இன்ட்யூட் நிறுவனம், தன் குவிக்புக்ஸ் மென்பொருள் 2023 ஜனவரி 31-க்குப் பிறகு இந்தியாவில் கிடைக்காது என்று 2022-ல் அறிவித்தது. அவர்களாவது மாதக்கணக்கில் அவகாசம் கொடுத்தார்கள். கனடாவின் பென்ச் என்ற கணக்கு நிறுவனம் 2024 டிசம்பர் 27 அன்று திடீரென்று மூடுவதாக அறிவித்தது. சில நாளில் வேறொரு நிறுவனம் அதை வாங்கியது. இடைப்பட்ட நாட்களில் அதை நம்பியிருந்த சிறு வியாபாரிகள் பட்ட பதற்றத்தை யோசித்துப் பாருங்கள், ஆண்டு முடிய நான்கே நாள் இருந்தது. கணக்கு நம் கணினியில் இருந்தாலும், சென்னையிலிருந்து இயங்கும் ஜோஹோ புக்ஸ் போல இணையத்தில் இருந்தாலும், சேரும் நாளிலேயே விட்டுப் போகும் வழியைப் பார்த்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மாறும்போது அதிகம் தொலைவது பில்வாரி விவரம். ஒரு பார்ட்டியின் பாக்கி 3,50,000 என்று ஒற்றைத் தொகையாகப் புதிய மென்பொருளில் ஏறிவிடும். அது எந்தெந்த பில்லின் பாக்கி, எந்தத் தேதி பில் என்பது பழைய மென்பொருளோடு போய்விடும். ட்ரையல் பேலன்ஸ் பொருந்தும், எல்லோரும் கைகுலுக்கிக்கொள்வார்கள். அடுத்த மாதம் வசூலுக்குப் போனால் பார்ட்டி ‘எந்த பில்?’ என்று கேட்பார். நாம் கொடுக்க வேண்டிய பக்கத்தில் இது இன்னும் கடுமை. குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தவறினால், கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் விதி சேர்த்தது. பில் தேதி கையில் இல்லாமல் அந்த நாட்களை எப்படி எண்ணுவது?

பழைய கணக்கை வைத்திருக்க வேண்டிய காலமும் நீளம். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள். கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுகள். கேட்டால் படிக்கக்கூடிய மின்வடிவிலோ காகிதத்திலோ கொடுக்க வேண்டும்; கோப்புகளின் கடவுச்சொல்லையும் பயன்படுத்திய குறியீடுகளின் விளக்கத்தையும்கூடக் கேட்கலாம் என்கிறது ஜிஎஸ்டி விதி. பென்டிரைவில் டேலி பேக்கப் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த பேக்கப்பைத் திறக்க டேலி வேண்டும். அதனால் பேக்கப் மட்டும் போதாது. வெளியே எடுத்த கோப்பும் தனியாகப் போதாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எப்போது என்ன திருத்தினார் என்ற பதிவு கட்டாயம். டே புக்கை எக்செலாக எடுத்து வைத்தால் அந்தத் திருத்த வரலாறு அதில் வராது. எனவே பேக்கப்பும் வேண்டும், வெளியே எடுத்த கோப்பும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று அல்ல.

என் முடிவு இது. பார்க்க எக்செல், வேறு மென்பொருளுக்குக் கொடுக்க சிஎஸ்வி, கையெழுத்துக்கு பிடிஎஃப், ஆண்டு முடிவில் பாதுகாக்க பேக்கப்போடு எக்ஸ்எம்எல். நேரடி இணைப்பு தினமும் எண் பார்த்து முடிவெடுக்கும் நிறுவனத்துக்கு மட்டும். காசு கொடுத்து டூல் வாங்குவதாக இருந்தால், விற்பவர் காட்டும் மாதிரிக் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் மார்ச் மாதக் கணக்கைக் கொடுங்கள். ஒரே பில்லில் பத்து சரக்கு, திருப்பி வந்த சரக்கு, முன்பணம், பைசா ரவுண்டு ஆஃப் எல்லாம் மார்ச்சில்தான் குவிந்திருக்கும்.

வந்த கோப்பை இப்படிச் சோதியுங்கள். டேலியில் ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற அறிக்கை எத்தனை வவுச்சர் என்று வகைவாரியாகச் சொல்லும். கோப்பிலும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். ட்ரையல் பேலன்ஸின் இரு பக்க மொத்தமும் பொருந்த வேண்டும். பத்து பில்லைக் கண்ணை மூடி எடுத்து, எண், தேதி, பெயர், தொகை நான்கையும் காகித பில்லோடு ஒப்பிடுங்கள். இதை இந்த மாதமே, டேலி இல்லாத வேறொரு கணினியில் கோப்பைத் திறந்து செய்யுங்கள். ஒரே ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும், காரணம் தெரியும்வரை அந்த வழியில் எடுத்த கோப்பை வங்கிக்கோ ஆடிட்டருக்கோ அனுப்பாதீர்கள்.