கரி பிடிக்கும் வேகம்

ஒரு கிராம் கிளர்வூட்டப்பட்ட கரி எவ்வளவு சாயத்தை, எவ்வளவு ஆர்சனிக்கைப் பிடித்து வைக்கும் என்பதைச் சமநிலைச் சமன்பாடுகள் சொல்லிவிடும். எத்தனை நிமிடத்தில் பிடிக்கும் என்பது அவற்றில் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தின் கரிப்படுகையில் நீர் தங்குவது பெரும்பாலும் 5 முதல் 30 நிமிடம். முகமூடியின் கரிப்புட்டியில் காற்றுக்கு ஒரு விநாடிகூடக் கிடைப்பதில்லை. அதற்குள் மாசு பிடிபடுமா என்று கணக்கிடுவதுதான் பரப்புக் கவர்தலின் வேகவியல்.

நீரில் கரைந்த மூலக்கூறு முதலில் துகளைச் சுற்றி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கடக்கவேண்டும். பிறகு நுண்துளைகளுக்குள் ஊர்ந்து போகவேண்டும். கடைசியில் பரப்பில் ஒட்டுவது பெரும்பாலும் நொடியில் நடந்துவிடும். எது மெதுவானதோ அதுவே மொத்த வேகத்தையும் தீர்மானிக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. வேகமாகக் கலக்கும்போது கவர்தலும் வேகமெடுத்தால் தடை படலத்தில். கலக்கியும் மாற்றமில்லாமல், கரியைப் பொடித்தால் மட்டும் வேகமெடுத்தால் தடை துளைக்குள். துளைக்குள் விரவ ஆகும் நேரம் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது: ஆரம் பாதியானால் நேரம் கால்பங்காகும். அதற்காக மாவாக அரைத்துப் படுகையில் நிரப்பினால் நீர் இறங்காது. அதனால்தான் படுகைகளில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள குருணைக் கரியே இடம்பெறுகிறது.

இந்த வேகத்துக்கு முதலில் சமன்பாடு எழுதியவர் சுவீடனின் லாகர்கிரென். 1898-இல் கரியின் மீது ஆக்சாலிக், மலோனிக் அமிலங்கள் படிவதை ஆராய்ந்த அவர், இன்னும் நிரம்ப வேண்டிய அளவுக்கு நேர்விகிதத்தில் வேகம் இருக்கும் என்றார். இது போலி முதல் வகை. அந்த அளவின் இருமடிக்கு நேர்விகிதம் என்பது, 1990-களில் ஹோவும் மெக்கேயும் பரவலாக்கிய போலி இரண்டாம் வகை. கவரப்பட்ட அளவு நேரத்தின் வர்க்கமூலத்தோடு ஏறினால் துளை விரவலே தடை என்பது வெபர், மோரிஸ் 1963-இல் காட்டியது.

ஆய்வகங்களில் மெத்திலீன் நீலக் கரைசலில் கரியைப் போட்டுக் குலுக்கி, குறித்த நேரங்களில் சிறிது எடுத்து, வடிகட்டி, எஞ்சிய நீலத்தை நிறமானியில் அளக்கிறார்கள். வழி தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். போலி இரண்டாம் வகையைச் சோதிக்க, நேரத்தைக் கவரப்பட்ட அளவால் வகுத்து, வரும் ஈவை நேரத்துக்கு எதிரே குறிப்பது வழக்கம். கரி கிராமுக்கு 100 மில்லிகிராம் பிடித்து நிரம்பிவிட்டது என்று கொள்வோம். 60-ஆம் நிமிடத்தில் ஈவு 0.6, 120-இல் 1.2, 180-இல் 1.8. கச்சிதமான நேர்கோடு! ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் கரிக்குள் எந்த மாற்றமும் நடக்கவில்லை. இந்தக் கோட்டை மட்டும் பார்த்து ‘வேதிப்பிணைப்பு நிகழ்கிறது’ என்று முடிவு கட்டும் ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். இது வருந்தத்தக்க பழக்கம். வேகத்தைப் பற்றிய செய்தி முழுவதும் முதல் சில நிமிடங்களில் இருக்கிறது. மாதிரிகளை அங்கே நெருக்கமாக எடுத்து, சமன்பாட்டை நேர்கோடாக்காமல் அப்படியே பொருத்திப் பார்ப்பதே முறை. அதற்குப் பிறகும், பொருந்திய சமன்பாடு உள்ளே நடப்பதற்குச் சான்றாகிவிடாது.

காற்றில் கதை வேறு. வாயுவில் விரவல் நீரில் நடப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு வேகம். எனவே மிகக் குறுகிய தொடுநேரமும் போதுமானதாகிறது. 1920-இல் போஹார்ட், ஆடம்ஸ் இருவரும் கரி வழியே செல்லும் குளோரினை ஆராய்ந்து, கரியில் எஞ்சிய இடத்தையும் வாயுவின் செறிவையும் பெருக்கிவரும் அளவுக்கு நேர்விகிதத்தில் வேகம் இருக்கும் என்று கொண்டனர். படுகையின் மறுமுனையில் வாயு எப்போது தலைகாட்டும் என்பதை அதிலிருந்து கணிக்கலாம். ஈரம் மிகுந்த காற்றில் நீராவியும் துளைகளில் இடம் பிடிப்பதால், அந்த நேரம் முன்கூட்டியே வந்துவிடும்.

குடுவையில் கிடைத்த வேக மாறிலியைப் படுகைக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. கரைசலின் தொடக்கச் செறிவும் கரியின் அளவும் மாறினால் அதுவும் மாறும். எனவே கரியைப் பொடித்துச் சிறு குழாயில் நிரப்பி விரைவாகச் சோதிக்கும் முறையை 1980-களில் கிரிட்டெண்டன் குழுவினர் வகுத்தனர். துகள் ஐந்தில் ஒரு பங்கானால், இருமடி விதிப்படி தொடுநேரத்தை இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைக்கலாம். துகள் சிறுக்கும்போது விரவல் வேகமும் அதே விகிதத்தில் குறையும் மாசாக இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு வரையே குறைக்க முடியும். எந்த மாசு எந்த வகை என்பதைத் தெரிந்துகொண்டுதான் பெரிய படுகையின் ஆயுளைக் கணிக்கிறார்கள்.