உலகம் வாங்கிய கடன்: எது அடைந்தது, எது புதுப்பிக்கப்படுகிறது?

இயற்கை வேளாண்மைக் கூட்டம் எதற்குப் போனாலும் கடைசியில் ஒருத்தர் எழுந்து இதைக் கேட்காமல் விடுவதில்லை. “உலகமே சூடாகிட்டு இருக்கு. பெரிய நாடுங்களே மாறலை. ஒரு ஏக்கர்ல நான் யூரியா போடாம இருந்து என்னங்க ஆகப் போகுது?”

மனித குலம் அழியத்தான் போகிறது என்று பதில் சொல்கிறவர்கள் உண்டு. விஞ்ஞானம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பவர்களும் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் கோப்புகளைப் புரட்டிய எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. கடன் கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது, பழைய கணக்கை எடுத்துப் பார்க்கணும். உலக நாடுகளுக்கும் அப்படிப் பழைய கணக்குகள் இருக்கின்றன. ஒன்று ஒழுங்காக அடைந்துகொண்டிருக்கிற கணக்கு. அதை நம்மில் பலர் மறந்தே விட்டோம்.

ஓசோன் படலத்தைச் சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோ ஃபுளூரோ கார்பன் வாயு மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974-இல் எழுதினார்கள். கம்பெனிகள் மறுத்தன. 1985-இல் அண்டார்டிகா வானத்தில் ஓசோன் மிக மெலிந்துபோனதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். இரண்டே வருஷத்தில், 1987 செப்டம்பர் 16 அன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு உலக நாடுகள் எல்லாமே அதில் சேர்ந்தன. இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால், அண்டார்டிகாவுக்கு மேலே உள்ள படலம் 2066 வாக்கில் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும், உலகின் பெரும்பகுதியில் 2040-க்குள் திரும்பும் என்று 2023 தொடக்கத்தில் வந்த ஐ.நா. ஆதரவு மதிப்பீடு சொன்னது.

இது எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகி விடவில்லை. கடன் பத்திரம் சரியாக எழுதப்பட்டது, அவ்வளவுதான். வசதியான நாடுகளுக்கு ஒரு தவணைத் தேதி, இந்தியா போன்ற நாடுகளுக்குப் பத்து வருஷம் கூடுதல் அவகாசம். மாறுவதற்கான செலவுக்கு 1990-இல் ஒரு பொது நிதி உருவாக்கினார்கள். பணக்கார நாடுகள் போட்ட பணத்திலிருந்து இதுவரை 400 கோடி டாலருக்கு மேல் அதன் வழியாக வளரும் நாடுகளுக்குப் போயிருக்கிறது. ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு அந்த வாயு வியாபாரம் கிடையாது என்ற ஷரத்தும் இருந்தது. அந்த வாயுவைத் தயாரித்தவை கொஞ்சம் கம்பெனிகள் என்பதும், மாற்றுப் பொருள் கையில் வந்துவிட்டது என்பதும் உண்மைதான். வேலை சுலபமானது. ஆனாலும் ஷரத்து இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆய்வும் இருந்தது. குறைய வேண்டிய ஒரு வகை வாயு குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று 2018-இல் கண்டுபிடித்தார்கள். யாரோ திருட்டுத்தனமாகத் தயாரிக்கிறார்கள். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள காற்று அளவீட்டு நிலையங்களின் கணக்கை வைத்து, அதில் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று அடுத்த வருஷமே சொல்லிவிட்டார்கள். 2021-இல் வந்த ஆய்வுகளில் அளவு திரும்ப இறங்கியிருந்தது. கிளை ஆய்வு ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் தொழிலும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. மண்ணிலுள்ள பூச்சி, பூஞ்சை, நூற்புழு எல்லாவற்றையும் கொல்ல மீத்தைல் புரோமைடு புகையை நிலத்துக்குள் செலுத்துவார்கள். அதுவும் ஓசோனைத் தின்னும். வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் மற்ற நாடுகள் 2015-க்குள்ளும் நிறுத்தணும் என்று முடிவானது. கலிஃபோர்னியாவின் ஸ்ட்ராபெர்ரி விவசாயிகள் வருஷா வருஷம் விலக்கு வாங்கி 2016 வரை ஓட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது. (அந்த இடத்துக்கு வேறு நஞ்சுகள் வந்தது தனிக் கதை.)

இப்போது அடுத்த கோப்பு, காலநிலை. 1992-இல் ரியோவில் ஒப்புக்கொண்டார்கள், 1997-இல் கியோட்டோவில் தவணை போட்டார்கள். அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை. கனடா பாதியில் விலகியது. 2015-இல் பாரிஸில் ஒவ்வொரு நாடும் தன் தவணையைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்று ஆனது. கட்டாவிட்டால் அபராதம் கிடையாது. இப்படி ஒரு பத்திரத்தை நான் மேலாளரிடம் கொண்டுபோயிருந்தால் கோப்பு என் முகத்தில் வந்து விழுந்திருக்கும். நகைக்கடனை வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைப்போமே, அந்த மாதிரி ஒவ்வொரு மாநாட்டிலும் இதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். அசல் ஏறிக்கொண்டே போகிறது. ஹவாய் தீவின் மவுனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

பத்திரமே இல்லாமல் ஜப்தி செய்வதும் உண்டு. இலங்கையில் நடந்தது அதுதான். பத்து வருஷத்தில் இயற்கை உரத்துக்கு மாற்றுவோம் என்று 2019 தேர்தலில் சொன்னார் கோத்தபய ராஜபக்ச. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியையே ஒரேயடியாக நிறுத்தினார். டாலர் கையிருப்பு வற்றியதும் அதற்கு ஒரு காரணம். மாற்று உரமும் இல்லை, பயிற்சியும் இல்லை, செலவுக்குப் பணமும் இல்லை. அந்த நவம்பரிலேயே தடையைத் தளர்த்தினார்கள், ஆனாலும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாக விழுந்தது. இன்றைக்கும் நம்மிடம் “இலங்கையைப் பாருங்க” என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். மீத்தைல் புரோமைடை விட உலகம் எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டது, இலங்கை உழவருக்கு எத்தனை வாரம் கொடுத்தார்கள் என்று சேர்த்துப் பார்க்கணும்.

இந்த இரண்டு கோப்பிலும் வரவேண்டிய, ஆனால் தனிக் கணக்கே திறக்கப்படாத ஒன்று நம் வயலில் இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு. யூரியாவில் பாதிக்கு மேல் பயிருக்குப் போவதில்லை. மிச்சத்தில் ஒரு பங்கு ஈரமண்ணில் நுண்ணுயிர் வழியாக இந்த வாயுவாகிறது. கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு சூடேற்றக்கூடியது, நூறு வருஷத்துக்கு மேல் காற்றில் நிற்கும். இன்று மனிதர் வெளிவிடுவதில் ஓசோனை அதிகம் தின்பதும் இதுவே. மான்ட்ரியல் பட்டியலில் இது கிடையாது.

நாம் இதில் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. எருக்குழி மூடாமல் மழையில் ஊறிக் கிடந்தால் அதிலிருந்தும் இது போகும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் மீத்தேன் குறையும், நல்லது. ஆனால் தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டினால் இந்த வாயு கூடும். எருவை மக்கவைத்து, பிரித்துப் பிரித்து, பயிர் கேட்கும்போது கொடுக்கிறவருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ, அந்த உழவருக்கு மாறும் செலவை யார் தருவது? 45 கிலோ யூரியா மூட்டை நமக்கு 266 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. அதைவிடப் பல மடங்கு மானியமாக உரக் கம்பெனிக்குப் போகிறது. மூட்டையே வாங்காதவருக்கு அந்தக் கணக்கில் ஒரு பைசாவும் இல்லை. ரசாயன உரத்தைக் குறைக்கும் மாநிலத்துக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் தருவதாக மத்திய அரசு 2023-இல் பி.எம்.-பிரணாம் திட்டத்தை அறிவித்தது. பணம் போகும் இடம் மாநிலம். குறைத்தவர் உழவர். மாற்றத்துக்கான பணம் மாறுகிறவர் கைக்கே போகணும் என்பதைத்தான் மான்ட்ரியல் நிதி செய்து காட்டியது.

எங்கள் பகுதியில் யூரியாவை நிறுத்தியவர்கள், எந்த வருஷத்திலிருந்து, எத்தனை மூட்டை குறைத்தார்கள் என்று சர்வே எண்ணோடு ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அந்தப் பட்டியலைக் கொடுத்து, மிச்சமான மானியத்தில் எங்கள் பங்கு எங்கே என்று கேட்கப் போகிறோம். உங்கள் மாவட்டத்திலும் எழுதி வையுங்கள்.